பெண் பார்க்க வந்த வண்டி

மடாரென்று ஏரிக்கரைக் கருவேலமரம் வண்டிப்பாதையின் குறுக்கே விழுந்தது. தண்ணீரில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழும்பின. செல்வன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். பத்து மணிக்கு அவனைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஆமாம், அவனைத்தான். இருபது வருடத்துக்கு முன்னால் செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏர் ஓட்டப் போவான்; கூட ஓட்டுகிறவர்கள் செல்வன் என்றே கூப்பிட்டார்கள். "நான் பொண்ணு இல்லப்பா" என்று அப்பா சுப்புராயனிடம் மூன்று முறை சொல்லிவிட்டான். மூன்று முறையும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். மணலூர்பேட்டையிலிருந்து கல்வராயன் மலை அடிவாரம் வரை ஒரு பஸ் ஓடவில்லை. இனி யார் வரப்போகிறார்கள் என்று செல்வன் நிம்மதியாக இருந்தான். மாப்பிள்ளை வீட்டாரோ மாட்டுவண்டி கட்டி ஏரிக்கரை வழியாக வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அம்மா பச்சையம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி போய்ட்ட? இன்னாடி இது, கையெல்லாம் முள்ளு கிழிச்சிக்கினு?"

"வெறகு வெட்டினேன்."

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கா வெட்டுவாங்க? உள்ள வா."

புடவை சுற்றி, பூ வைத்து முடிப்பதற்குள் அண்ணன் வெங்கடேசன் சைக்கிளில் வந்து இறங்கினான். மறியலில் முன்னால் நிற்கிறவன் அவன்.

"யப்பா, வண்டி ஏரிக்கரையில நின்னுக்கினு கெடக்குது. எவனோ மரத்த வெட்டிப் போட்டுட்டான். நாங்க மெயின் ரோட்டத்தான் மறிச்சோம். எங்க பேர கெடுக்கணும்னே பண்ணிக்கீறான்."

சுப்புராயன் செல்வனின் கைகளைப் பார்த்தார். ஏரிக்கரைக்குக் கிளம்பினார். செல்வன் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெங்கடேசனோடு பின்னால் ஓடினான்.

மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்க, அவருடைய பெரியப்பா நாராயணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை மரத்தின் மேல் வைத்தார்.

"மரம் கெடந்தா இன்னா, தாண்டி வந்துட்டா போச்சு. கைய குடுங்க சுப்புராயன்."

செல்வன் அப்பாவின் கையையே பார்த்தான். அப்பா கை கொடுத்தால் அவ்வளவுதான். தை மாசத்தில் தாலி.

சுப்புராயன் குனிந்து வெட்டுப்பட்ட அடிமரத்தை விரலால் தடவினார். இத்தனை முள்ளுக்குள் புகுந்து, ஒற்றை ஆளாக, இவ்வளவு பெரிய மரத்தை. மகன்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். பிறகு நாராயணசாமியை நோக்கிக் கை கூப்பினார்.

"வீணா அலைய வுட்டுட்டேன், மன்னிச்சிக்குங்க. எங்க வூட்ல கட்டிக் குடுக்கப் பொண்ணு இல்லீங்க, ரெண்டும் பசங்கதான்."