உயிரோடிருக்கும் அக்காவுக்கு ஓர் ஒப்பாரி

என் அம்மாவைப் படம் பிடிப்பதும் பூனையைக் குளிப்பாட்டுவதும் ஒன்றுதான். வருடக்கணக்கில் எங்கள் ஜனங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன். அணை கட்டினார்கள், ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஊர் தண்ணீருக்குள் போனது, எங்களை லாரியில் ஏற்றிவந்து நகரத்து அடுக்குமாடிகளில் கொட்டினார்கள். எல்லோரும் கேமரா முன்னால் பேசிவிட்டார்கள், அம்மாவைத் தவிர.

"ஊரு உலகத்தையே எடு. என் பக்கம் திருப்பினே, அந்தக் கேமராவை ஜன்னல் வழியா வீசிருவேன்."

வீசுவாள். லாரியிலிருந்து இறங்கிய அன்றே யாரோ ஒருத்தி "காட்டு ஜனம்" என்று மூக்கைப் பொத்தினாளாம். அன்றோடு எங்கள் மொழியை அம்மா விட்டுவிட்டாள். என்னிடம்கூட அதில் ஒரு சொல் பேசியதில்லை. எங்கள் ஜனம் இல்லாத இந்தக் குடியிருப்புக்கு வீடும் மாறினாள்; இங்கே அக்கம்பக்கத்தில் யாருக்கும் நாங்கள் யாரென்று தெரியாது. ஆற்றைவிட்டுக் கடைசியாக வெளியேறியவள் அவள்தான். அவள் குரல் இல்லாமல் என்ன படம், என்ன மண்ணாங்கட்டி! நினைத்தால் எனக்கு அழுகையாக வரும்.

சரி, சித்தியையாவது பாட வைப்போம் என்று கூட்டிவந்தேன். அம்மாவின் தங்கை, எழவு வீட்டிலும் சிரிப்பு மூட்டுகிறவள். படுக்கையறைச் சுவரெங்கும் போர்வைகளைத் தொங்கவிட்டோம். சத்தம் வருமென்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. மைக்குக்குப் பின்னால் என் கேமராவும் தயார். ஒலிப்பதிவுக்காரர் வியர்வையில் ஊறி உட்கார்ந்திருந்தார். அவரை நாங்கள் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் மொழியில் அவருக்கு அ, ஆ தெரியாது. அடுப்படியில் அம்மா வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சித்தி பாடவிருந்தது ஆற்றுக் கூவல். ஆற்றைக் கடந்தவர் பத்திரமாகச் சேர்ந்தாரா என்று இக்கரையிலிருந்து கூவுவார்கள். அக்கரையிலிருந்து "இருக்கேன்" என்று பதில் வரவேண்டும். மூன்று கூவலுக்கும் பதில் இல்லையென்றால் ஆள் ஆற்றோடு போனதாக அர்த்தம். கூவியவள் நின்ற இடத்திலேயே ஒப்பாரி வைத்தாக வேண்டும்.

"ஒரு தடவை கூவிட்டு நிறுத்திடு சித்தி, போதும்" என்றேன்.

"பாதியில நிறுத்த இது என்ன தண்ணிக் குழாயா?" என்றவள், தொண்டையைச் செருமிக் கூவினாள். "அக்கா, கரை சேந்தியா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பதில் இல்லை. இரண்டாவது கூவல், மூன்றாவது கூவல். ஊஹூம்.

சித்தி மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். "போயிட்டியே அக்கா! பானைச் சோத்தை ஒருத்தியா முடிச்சவளே! என் புதுச் செருப்பை வாங்கிப் போட்டு அத்துக் குடுத்தவளே! குறட்டையில கூரையைத் தூக்கினவளே!"

நான் சிரிப்பை அடக்கப் போர்வையின் நுனியைக் கடித்துக்கொண்டேன். காதோ நிஜமாகவே யாரோ செத்துவிட்டதாக நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் சிரிப்பு பீறிட்டது.

"தண்ணி ஏறினப்போ என்னைத் தோள்ல தூக்கிட்டு நடந்தவளே!" சித்தியின் குரல் இப்போது உடைந்தது. அது விளையாட்டில்லை. "என்னைக் கரை சேத்துட்டு நீ எங்கேடி போனே? பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம போயிட்டியே!"

படீரென்று கதவு திறந்தது. கையில் கரண்டியோடு அம்மா.

"அடி பாவி! யாரைடி சாகடிக்கிறே? இருக்கேன்டி! குத்துக்கல்லாட்டம் இருக்கேன்! கரை சேந்துட்டேன், போதுமா?"

அத்தனையும் எங்கள் மொழியில். ஒரு சொல் பிசகவில்லை. சித்தி அழுகையும் சிரிப்புமாக அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "விடுடி, கரண்டி சுடுது" என்றாள் அம்மா, அதுவும் எங்கள் மொழியில்.

அதற்குள் வாசல் மணி அலறியது. ஓடிப்போய்த் திறந்தேன். எதிர்வீட்டு டீச்சர், அவருக்குப் பின்னால் மாடிப்படி முழுக்க ஜனம். டீச்சர் விறுவிறுவென்று படுக்கையறைவரை வந்துவிட்டார்.

"யாருங்க தவறினது? அழுகைச் சத்தம் கேட்டு ஓடியாறோம்... ஆமா, நீங்க கத்தினது என்ன பாஷைங்க?"

அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. காது பதிவை நிறுத்தக் கையை நீட்டினார். நான் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அம்மா டீச்சரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், பிறகு என் கேமராவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எங்க பாஷை" என்றாள். "தள்ளி உக்காருடி" என்று சித்தியை நகர்த்திவிட்டு மைக்குக்கு முன்னால் சம்மணம் போட்டாள். "வாங்க டீச்சர், எல்லாரையும் உள்ள வரச் சொல்லுங்க. நான் செத்த கதையைச் சொல்றேன்."