காருக்குள் இரண்டு ஹெல்மெட்

தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று விக்னேஸ்வரன் மறுபடியும் பின்வாசலுக்கு ஓடினான். தேவகி அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, ஜன்னலோரம் உட்கார வைத்து, கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் மனநலக் கவுன்சலர் உமாராணி.

சாமியாடியிடம் போகலாம் என்ற மாமியாரோடு மல்லுக்கு நின்று, தேவகியே தேடிப் பிடித்தவர் அவர். போன வருஷம் வேலை போன துக்கத்தில் படுத்தே கிடந்தவனைப் பேசிப் பேசியே எழுப்பி நடமாட வைத்தார். அந்த நம்பிக்கையில்தான், புருஷன் தூக்கத்தையும் சோற்றையும் விட்ட பிறகும், சனிக்கிழமை அப்பாயின்மென்ட் வரட்டும் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"விக்னேஸ், மூச்ச மெதுவா இழுங்க."

"சத்தம் போடாதீங்க லா மேடம். நான் மேல ஏறிக் குதிச்சா தேவகிய விட்டுர்றோம்னு சொல்றாங்க."

உமாராணியின் குரல் மாறியது. "அக்கா, இது பேசிச் சரி பண்ற நேரம் இல்ல. டாக்டரு பாக்கணும், மருந்து வேணும். இப்பவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. தனியா விடாதீங்க. நானும் அங்க வந்துர்றேன்."

"நீங்க சொன்னா கேப்பாரு மேடம்."

"இப்ப அவரால கேக்க முடியாதுக்கா."

பேச்சையே தொழிலாக வைத்திருப்பவர் பேச்சு உதவாது என்கிறாரே என்று தேவகிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் பக்கத்து வீட்டு ஜக்கரியா அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். விக்னேஸ்வரன் ஜன்னல் கம்பியை விடவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி ஓய்ந்த தேவகி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் கம்பியை விட்டான். தினமும் காலையில் கூலிம் ஃபேக்டரி பஸ்ஸுக்கு அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறவன் அவன். அவள் ஹெல்மெட் வாரை அவனே மாட்டி, இழுத்துப் பார்த்தால்தான் வண்டி நகரும். இப்போதும் ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் வைத்து, வாரை மாட்டி, இழுத்துப் பார்த்தான். பிறகு தன்னுடையதை மாட்டிக்கொண்டான்.

"கார்லதானே போறோம்..." என்று ஆரம்பித்த ஜக்கரியா, கதவைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு அவன் குறட்டை விட்டான். எத்தனையோ நாள் அதற்காக அவனிடம் சண்டை போட்டிருக்கிறாள். இன்று அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்றிருந்தது. உமாராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தாடைக்குக் கீழே கை நீட்டி ஹெல்மெட் வாரைக் கழற்றப் போனார்.

தேவகி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம். அவரு எந்திரிச்சுக் கழட்டட்டும்."