சிவப்பு விளக்கடியில் மூன்று கிளாஸ்

நோலீன் மூன்றாவது கிளாஸிலிருந்தும் ஒரு மிடறு விழுங்கினாள். பீரின் கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்பதால் துப்புகிற வழக்கம் இல்லை. மறுபடி முதல் கிளாஸை எடுத்துக் குடித்துப் பார்த்தாள். அவளுக்குக் காது சூடேறியது.

லான்செஸ்டன் பீர் ஆலையில் பத்தொன்பது வருஷமாகச் சுவை பார்க்கிறவள் அவள். தீவின் வடக்கே, இங்கே காய்ச்சுவது ஹார்கன். தெற்கே ஹோபார்ட்டில் காய்ச்சுவது பெல்மோர். நிறம், நுரை, போதை எல்லாம் ஒன்றேதான். ஆனாலும் வடக்கத்தி ஆள் பெல்மோரைத் தொடமாட்டான். இப்போது இரண்டு ஆலைகளும் ஒரே கம்பெனி கையில். பெல்மோரையே இரண்டு லேபிளிலும் அடைத்து விற்றுவிட்டு, லான்செஸ்டன் ஆலையை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. குடிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. மூன்று கிளாஸில் இரண்டு ஒரே பீர், ஒன்று வேறு. அந்த வேறொன்று எது என்று சொல்ல வேண்டும். நிறத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று சிவப்பு விளக்கு.

"கிரெய்க், மூணும் பெல்மோர்தான்" என்றாள்.

ஹோபார்ட்டிலிருந்து வந்திருந்த இளம் மேலாளர் சிரித்தான். "அப்ப வித்தியாசம் தெரியலைன்னு எழுதிக்கட்டுமா?"

"தெரியலைன்னு யாரு சொன்னா? ஒண்ணையே மூணா ஊத்தியிருக்கீங்கன்னு சொல்றேன்."

"ஏதாவது ஒரு நம்பரை வட்டம் போடுங்க நோலீன். மத்த பதினோரு பேரும் போட்டாச்சு."

அவள் பேனாவை மேஜையில் எறிந்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். தொட்டியருகே கூடை நிறையக் காலி பாட்டில்கள். அத்தனையும் பெல்மோர். மருந்துக்குக்கூட ஒரு ஹார்கன் இல்லை.

பின்னாலேயே வந்த கிரெய்க்குக்கு முகம் வெளுத்தது. "கை மாறிப்போச்சு போல" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "சிவப்பு லைட்டுல உக்காந்து யாருங்க குடிக்கிறாங்க? உங்க வீட்டுக்காரருக்கே தெரியுமான்னு கேட்டுப் பாருங்களேன்."

அதே ஆலையில் பாட்டில் அடைக்கிற பிரிவில்தான் அவள் புருஷன் டெஸ் இருந்தான். தோளில் ஹார்கன் சின்னத்தைப் பச்சை குத்தியிருப்பவன். நோலீனுடைய தம்பி கல்யாணத்தில் பெல்மோர் ஊற்றினார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்து போனவன். அன்று சாயங்காலம் கிளப்பில் அவன் முன்னால் இரண்டு கிளாஸை வைத்தாள். இரண்டையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"இதுதான் நம்மாளு. அது தெக்கத்திக்காரன் கால் கழுவுன தண்ணி."

"மாத்திச் சொல்றே."

மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். டெஸும் கூடச் சிரித்தான். "விடும்மா. சில்லுனு இருந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப கல்யாணத்துல என்ன எழவுக்கு எந்திரிச்சுப் போனே?"

"அது மானப் பிரச்சினை."

"வேலையே போகப் போகுது, இவருக்கு மானமாம்!" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை உணவுக்கூடத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து, "வித்தியாசம் இல்லை" என்று கிரெய்க் வாசித்தபோது, நோலீன் அந்தக் காலி பாட்டில் கூடையைக் கொண்டுவந்து அவன் காகிதத்தின் மேலேயே வைத்தாள்.

"மறுபடி ஊத்துங்க. ஊத்தறப்ப சங்கத்து ஆள் பக்கத்துல நிக்கணும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுசோதனையில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் சரியாகச் சொன்னார்கள். கிரெய்க் ஒரு வாரத்துக்குள் ஊர் திரும்பினான். அந்த ஒரு வாரம் நோலீன் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

ஆனாலும் மார்ச் மாதம் ஆலையை மூடும் கடிதம் வந்தது. சாதாரணமாகக் குடிக்கிறவர்கள் எண்பது பேரிடம் கம்பெனி தனியாகச் சோதனை நடத்தியதாம். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையாம். சோதனை நடந்த இடம் டெஸ் குடிக்கிற அதே கிளப்.

வாசலிலேயே கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள் வந்தாள். "நீயும் போனியா?"

டெஸ் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாரும் போனாங்க. ஓசியில குடுத்தாங்கம்மா."

நோலீன் அடுப்பை அணைத்தாள். அவனுக்கென்று வறுத்த ஆட்டு விலாத் துண்டுகளைத் தட்டோடு கொண்டுபோய்க் கொல்லையில் நாய்க்கு வைத்தாள். அது கடைசி எலும்பை நக்கி முடிக்கும்வரை கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.