முனீஸ்வரி தட்டிவிட்ட கை

மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் நாகஜோதி சண்டைக்கு வந்தாள். சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் கறுவிக்கொண்டே வந்திருப்பாள் போல. சிறப்புப் பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ டீச்சரு! எம் பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திருக்கே? நேத்து ஊட்டப் போனா சோத்தைத் தட்டிவிடுதா. அன்னத்தைத் தட்டிவிடுத புத்தி எங்க வம்சத்துலயே கெடையாது. அடிச்சியா? சூடு வச்சியா?"

டீச்சர் அக்சாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. எட்டு மாதம்! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஒன்பது வயது முனீஸ்வரியின் பின்னால் உட்கார்ந்து, முதலில் மணிக்கட்டைப் பிடித்து, பிறகு முழங்கையைத் தாங்கி, பிறகு தோளை மட்டும் தொட்டு, தன் கையால் சாப்பிடப் பழக்கியதற்கு இதுதான் கூலி. "இதெல்லாம் ஒரு உத்தியோகமா, ஆயா வேலை" என்று அவள் தம்பி ஜோ வீட்டில் ஓதாத நாளில்லை. இங்கே வந்தால் இவள்.

"யாரும் அடிக்கலைக்கா. தானாச் சாப்பிடப் படிச்சிருக்கா. அதான் ஊட்டுத கை வேண்டாங்குதா."

"அவளுக்கு என்ன தெரியும்? நான் ஊட்டலேன்னா செத்துப்போவா! ஒம் படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கூட்டிட்டுப் போறேன். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டா."

அதைக் கேட்டதும் அக்சாவுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. போனால் பிள்ளைக்குத் திரும்பவும் வீட்டு மூலைதான். ஊட்டுகிற சோற்றுக்கு வாயைத் திறப்பதும் மூடுவதுமே ஆயுசுக்கும் வேலை.

நாகஜோதி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். தட்டில் பாதிச் சாம்பார் சாதம் மிச்சம் இருந்தது. முனீஸ்வரி அம்மாவின் கையைப் படாரென்று தட்டிவிட்டாள். பதறிப்போன அக்சா பிள்ளையின் தோளைத் தொட்டாள். அக்சாவின் புறங்கையிலும் விழுந்தது ஒன்று. இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, பிள்ளை தானே பிசைந்தாள், உருட்டினாள், பாதியைச் சிந்தினாள், மீதியை வாயில் போட்டாள்.

தோளைக்கூட யாரும் தொடாமல் அவள் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அக்சாவுக்குப் புறங்கை எரிந்தது. வேலைக்கு வந்த நாள் முதல் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை. 'ஆயா வேலைதான், போடா' என்று ஜோவுக்கு மனசுக்குள் பதில் சொன்னாள்.

தட்டு காலியாகும்வரை நாகஜோதி அசையாமல் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் மட்டும் இறங்கவேயில்லை.

"ஏ டீச்சரு, நாளைக்கு அவிச்ச முட்டை குடுத்துவிடுதேன். உரிக்கச் சொல்லிக் குடு. ஓட்டோட மட்டும் தின்னுச்சின்னா, ஒன்னச் சும்மா விட மாட்டேன்!"