ஜேனுகுட்டா அசையவில்லை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைக் கண்டும் வாயைப் பிளக்கத் தெரியவில்லை. ஜேனுகுட்டா என்ற மலை எழுந்து நடந்து, நெல்லிசராவில் ஹிரியண்ண கவுடரின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றது என்று சொன்னால், ஒருவன் போட்டோ இருக்கிறதா என்கிறான், இன்னொருவன் அங்கே ரிசார்ட் கட்ட இடம் கிடைக்குமா என்கிறான். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிற ஒரு ஆளைக் காணோம். நஷ்டம் கவுடருக்குத்தான் வர இருந்தது. அவருடைய வீடே போக இருந்தது.

முன்னெல்லாம் ஜேனுகுட்டா வயல்களுக்கு அப்பால் இருந்தது. வெற்றிலைப் பையோடு கிளம்பினால் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வாய் சிவக்கும். சில வருஷம் கழித்து ஒரு தடவைதான் சிவந்தது. அப்புறம் பாக்கை வெட்டி முடிப்பதற்குள் அடிவாரம் வந்துவிட்டது. மலை மழைக்காலத்தில் மட்டும் நடந்தது. அவசரம் காட்டவில்லை. தன் ஓடையையும், தேன்கூடுகளையும், காட்டெருமைகளையும், கிழட்டுச் சிறுத்தை ஒன்றையும் அப்படியே சுமந்துகொண்டு வந்தது. மிருகங்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குரங்குகள் மட்டும், காட்டு மாமரம் இருந்த திசையில் கையை நீட்டினால் கவுடரின் பெண்டாட்டி கெம்பம்மாவின் சமையலறை ஜன்னல் கிடைப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டன.

கவுடர் உப்பு வாங்கினாலும் வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்க்கிறவர். நல்ல செய்தி வந்தால் கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்ப்பார், கெட்ட செய்தி வந்தால் அவனுடைய பையைப் பார்ப்பார். பாக்கு காயவைக்கும் களத்துக்கு வெயில் தாமதமாக வர ஆரம்பித்தபோது, பக்கத்து வீட்டு வாசப்பா வைத்த சவுக்கு மரங்கள்தான் காரணம் என்று சண்டை போட்டு வெட்ட வைத்தார். வெயில் அப்போதும் வரவில்லை. பின்வேலியில் பாதியைக் காணோம் என்றபோதும் வாசப்பாவைத்தான் பிடித்தார்.

"மாராயரே, மரத்த வெட்டச் சொன்னீங்க, வெட்டிட்டேன். இனி என் மூக்கு நிழல் விழுதுன்னு அதையும் அறுக்கச் சொல்வீங்களா?" என்று வாசப்பா கத்தினான்.

"வேலி எங்கடா?"

"மலைக்கு அடியில போய்த் தேடுங்க!"

அவன் கோபத்தில் சொன்னான். வேலி உண்மையாகவே அங்கேதான் இருந்தது. கெம்பம்மாவும் அதையே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இந்தாங்க, மலை கிட்ட வந்த மாதிரி இல்ல?"

"மலைக்குக் கால் இருக்காடி? மொதல்ல உன் கண்ணாடிய மாத்து."

"எனக்குக் கண்ணாடியே கிடையாது."

"அதான் சொல்றேன்."

இந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் மூன்று கூடாரங்களோடு வந்து இறங்கினார்கள். மண் பிரிவுக்கு ஒன்று, நீர்ப் பிரிவுக்கு ஒன்று, விலங்குப் பிரிவுக்கு ஒன்று. கண்டுபிடித்ததை அடுத்த கூடாரத்தான் தன் பேரில் எழுதிவிடுவான் என்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. கெம்பம்மாவிடம் அக்கி ரொட்டி கேட்கக்கூடத் தனித்தனியாகத்தான் வந்தார்கள்.

நீர்ப் பிரிவார் மலையின் ஓடையைக் காலையில் அளந்து கொடி நட்டார்கள். மறுநாள் ஓடை கொடியை விட்டு நகர்ந்து ஓடியது. அதை வேறொரு ஓடை என்று எழுதி வேறொரு கொடி நட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ராஜ்ஜியத்திலேயே அதிக ஓடைகள் உள்ள ஊர் என்று நெல்லிசராவுக்குப் பெயர் வந்தது. இவ்வளவு தண்ணீர் இருக்கும் ஊருக்குக் குழாய் எதற்கு என்று, வரவேண்டிய குழாயைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். விலங்குப் பிரிவார் மரங்களில் கேமராக்களைக் கட்டினார்கள். கவுடர் விடியற்காலையில் வேலியோரம் குந்துகிற வழக்கம் உள்ளவர். அவர்களுடைய அறிக்கையில், 'முதிய ஆண், தனித்துத் திரிவது, பல் தேய்ந்தது, எல்லையை ஈரத்தால் குறிக்கிறது, நெருங்கினால் உறுமுகிறது' என்று வந்தது. பாதுகாக்கப்பட வேண்டிய இனம் என்றும் சேர்த்திருந்தார்கள். அதை வாசப்பா பஞ்சாயத்தில் உரக்கப் படித்தான்.

மண் பிரிவுக்குத் தார்வாடுக்காரியான டாக்டர் வீணா ஹொசமனி தலைவி. பட்டென்று பேசுகிற பெண். மலை உச்சியில் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளைக் கல் ஒன்று உண்டு. அந்த ஜில்லாவில் எந்த நிலத்தை அளந்தாலும் அந்தக் கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பது சட்டம். அவளும் அங்கிருந்துதான் அளந்தாள். மழை முடிந்ததும் கவுடர் அவளுடைய கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, மலை நடக்குதா இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"மலை ஒரு மயிரிழை அசையல, கவுட்ரே. உங்க வீடுதான் மலையப் பார்த்து நகர்ந்துகிட்டு வருது."

"என் வீடா?"

"உங்க வீடு மட்டும் இல்ல. கோயில், ஸ்கூல், பஸ் ஸ்டாண்டு, எல்லாம். கணக்குப்படி பார்த்தா சிவமொக்காவும் வருது, பெங்களூரும் வருது. அதெல்லாம் எழுதினா கலெக்டர் ஆபீசுக்கும் பதில் சொல்லணும். அதனால நெல்லிசராவோட நிறுத்திக்கிட்டோம்."

"கல்லு உக்காந்திருக்கறதே மலை மேல தானே?"

"தெரியும். எனக்குத் தெரியாதா? கல்லு நகருதுன்னு எழுதினா இந்த ஜில்லாவோட மேப் மொத்தமும் தப்பாயிடும். அதுக்கு ஒரு ஊர் நடக்கறது சுலபம்." அவள் தலையைச் சொறிந்துகொண்டாள். "எனக்கும் இதுல சந்தோஷம் இல்ல, கவுட்ரே. காபி குடிக்கிறீங்களா?"

கவுடர் காபி குடிக்கவில்லை. "மலையும் நடக்கல, வீடும் நடக்கல. நீங்கதான் ராத்திரியோட ராத்திரியா கூடாரத்தப் பிடுங்கிப் பிடுங்கி நடுறீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைசிவரை அதுதான் அவருடைய கட்சி.

ஜேனுகுட்டா காப்புக்காடு. மலை அசையவில்லை என்று அறிக்கை வந்த பிறகு, காட்டின் எல்லையும் மலையோடு சேர்ந்து அசையவில்லை என்றாகிவிட்டது. ஆகவே நெல்லிசராதான் காட்டுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது, எல்லாருக்கும் முன்னால் புகுவது ஹிரியண்ண கவுடரின் வீடு. அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் ரேஞ்சர் அசோக் நாயக் ஜீப்பில் வந்து வாசலில் நோட்டீஸை ஒட்டினார். நல்ல மனுஷர்தான், ஆனால் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டால் நல்ல மனுஷன் என்ன செய்ய முடியும்.

"வீட்டக் கட்டிப் போடுங்க, கவுட்ரே. கட்டிட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க. அவ்வளவுதான். இல்லேன்னா கௌரி பண்டிகை முடிஞ்ச திங்கக்கிழம ஜேசிபி வந்து இடிச்சிடும். மேலிடத்து உத்தரவு."

"வீட்ட எதால கட்டறது?"

"அது உங்க சௌகரியம். சங்கிலி நல்லது. வாழநார் வேண்டாம்."

ஊரே கட்டியது. கோயிலைப் பலாமரத்தில் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தை ஆலமரத்தில் கட்டினார்கள். வாசப்பா வீட்டைக் கட்டியதோடு நிற்காமல் கக்கூஸையும் தனியாகக் கட்டினான், ஏனென்றால் சர்க்கார் உதவிச் சங்கிலியை ஒரு கட்டடத்துக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். விருந்தாளிகள் தடுக்கி விழுந்தார்கள், மாடுகள் சங்கிலியைத் தாண்டப் பழகிக்கொண்டன, மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வீடு எத்தனை சங்கிலி என்று கேட்க ஆரம்பித்தார்கள். அளந்து பார்த்ததில் கட்டிய வீடுகளும் முன்போலவே நகர்ந்தன. இருந்தாலும் கையெழுத்து இருந்ததால் அவை நகரவில்லை என்று ஒத்துக்கொள்ளப்பட்டது.

கவுடர் மட்டும் மாட்டேன் என்றார். அந்த வீட்டை அவருடைய அப்பா தன் கையால் மண் மிதித்துக் கட்டினார். அதில்தான் கவுடர் பிறந்தார், வேறொரு கூரையின் கீழ் அவருக்குத் தூக்கம் வந்ததில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனாலும் இரவு திரும்பிவிடுவார்.

"கட்டினா, அது ஓடுச்சுன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்றார்.

கெம்பம்மா அழுதாள். "கட்டலேன்னா இடிப்பாங்க. இடிச்சா எங்க போவோம்? வாசப்பா வீட்டுக் கொட்டகையிலயா?"

வாசப்பா வீட்டுக் கொட்டகை என்றதும் கவுடருக்கு ரத்தம் ஏறியது. பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வக்கீலைப் பார்க்க சிவமொக்காவுக்குப் பஸ் ஏறினார். வக்கீல் வீட்டு வாசலில் நின்று வக்கீலின் முகத்தைப் பார்த்தார், வக்கீலின் பையைப் பார்த்தார், திரும்பும் பஸ்ஸைப் பிடித்தார்.

அவர் போயிருந்த நேரத்தில் வாசப்பாவின் பெண்டாட்டி வந்து, இருக்கிற கயிற்றால் பலாமரத்தில் கட்டிவிடு, புருஷனுக்குத் தெரியவே வேண்டாம் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனாள். கெம்பம்மா கிணற்றுக் கயிற்றை உருவி எடுத்துக்கொண்டு பலாமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஊர் நகர்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், பலாமரமும் ஊரில்தானே இருக்கிறது, ஓடுகிற மாட்டை ஓடுகிற வண்டியில் கட்டி என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. அசையாதது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தது உலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான். அவள் கயிற்றின் ஒரு நுனியை நடுவீட்டுத் தூணில் முடிந்தாள். இன்னொரு நுனியைக் கொட்டகைக்குப் பின்னால் மலைமேல் நின்ற வேங்கைமரத்தில் இறுக்கிக் கட்டினாள். பாறைக்குக் குங்குமம் வைத்து, "வெடுக்குனு இழுத்துடாத, வயசான வீடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

அன்று மத்தியானம் மழை பிடித்தது. மலை ஒரு அடி எடுத்து வைத்தது, கயிறு விறைத்தது. அதுவரை ஜேனுகுட்டாவை யாரும் எதோடும் கட்டியதில்லை. அது நின்றது. பிறகு, கன்று நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்ட பசுவைப் போல முன்னங்காலை மடித்துத் தாழ்ந்து, வீட்டுக்கு அடியில் தோளைக் கொடுத்து, கொட்டகையையும் களத்தையும் கிணற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டது. உலை நீர் தளும்பவில்லை. கொட்டகையில் மாடுகள் அசைபோடுவதை நிறுத்தவில்லை. சாயங்காலம் கவுடர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வீடு உச்சியில் வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் ஏறினார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, பஸ்காரன் இடம் மாற்றி இறக்கிவிட்டுப் போனதற்காக அவனைத் திட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கயிற்றைப் பார்த்தார். "யாருடி இதக் கட்டினது?"

"நான்தான்."

கவுடர் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிக் கிணற்றடியில் போட்டார்.

"அவுத்துட்டீங்கல்ல. இப்ப ஓடுதா பாருங்க" என்று கெம்பம்மா சோறு போட்டாள்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. வீடு இருந்த இடத்தில் மலையடிவாரம் இருந்தது. காட்டை இடிக்க அதற்கு உத்தரவு இல்லை. ரேஞ்சரும் டாக்டர் வீணாவும் மேலே ஏறி வந்தார்கள். அவள் கல்லிலிருந்து அளந்தாள். மறுநாளும் அளந்தாள், மழை முடியும்வரை அளந்தாள். வீடு ஒரு மயிரிழை நகரவில்லை. தாலுகாவிலேயே அசையாத வீடு ஹிரியண்ண கவுடரின் வீடு ஒன்றுதான் என்று எழுத வேண்டியதாயிற்று. நோட்டீஸ் நகர்கிற வீட்டுக்குக் கொடுத்தது, ஆகவே அது செல்லாது. காட்டு நடுவில் வீடு எப்படி என்ற கேள்விக்கும் ரேஞ்சரே விடை கண்டுபிடித்தார். அசையாத வீடு என்றால் எப்போதும் இங்கேயே இருந்திருக்க வேண்டும், அப்படியானால் காட்டுக்கு முன்பே இருந்திருக்கிறது, ஆகவே காடுதான் வீட்டைச் சுற்றி வந்திருக்கிறது. மேலிடம் இதை ஒப்புக்கொண்டது. வீடு தப்பியது.

அதற்குப் பிறகு தபால்காரன் மேலே ஏறி வந்து தபால் கொடுத்தான், போகும்போது குரங்குக்கும் சேர்த்துப் பொரி வாங்கி வரப் பழகினான். கொட்டகையில் கவுடரின் எருமையோடு காட்டெருமை ஒன்றும் ஒதுங்கியது. இரண்டில் எது யாருடையது என்று கெம்பம்மா கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில், மலை இன்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கோழிகளைத் திறந்துவிட்டார்கள்.

சர்க்காரில் கவுடருக்கு ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்தது டாக்டர் வீணாதான். கவுடர் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், தோட்டம் இன்னும் கீழேதான் இருந்தது.

"வாங்கிக்கங்க, கவுட்ரே. எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லுங்க, நான் எங்கயும் எழுத மாட்டேன். அன்னிக்குக் காலையில கீழ இருந்தீங்க, சாயங்காலம் மேல இருந்தீங்க. மலை நடந்துச்சுதானே?"

"நான் என் வீட்ல இருக்கேன். அப்பவும் இங்கதான், இப்பவும் இங்கதான். கீழ இருக்கறவனுங்க எறங்கிப் போயிட்டானுங்க, அதுக்கு நான் என்ன பண்றது?"

"அப்ப மலை முன்ன இருந்த எடத்துல இருக்கற பள்ளம்?"

"வாசப்பா மண்ணு வித்திருப்பான்."

"மலைக்கு அடியில போன அந்த வேலி?"

"நடந்துச்சு நடந்துச்சுங்கறியே, மலை நடந்தா தடம் எங்கம்மா? கோழி நடந்தாக்கூடத் தடம் இருக்கு."

அவள் சான்றிதழை நீட்டியபடியே நின்றாள். அவர் அதை வாங்கவில்லை. துண்டை உதறித் தலையில் கட்டி, அரிவாளைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினார். தூறல் போட ஆரம்பித்தது. கெம்பம்மா அடுப்பிலிருந்த காபிப் பாத்திரத்தின் மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் தூணைக் காட்டினாள்.

"பிடிச்சுக்கம்மா, கிளம்புது."

கவுடர் அடிவாரத்தைத் தாண்டி வரப்பில் ஏறி, யாரையோ திட்டிக்கொண்டே, தோட்டத்தைப் பார்த்து நடந்தார். ஜேனுகுட்டா மெல்ல எழுந்து, மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாட்டின் நடையில், கொஞ்சம் இடம் விட்டு அவருக்குப் பின்னால் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.