பயம் வராத கடிதம்

அலுவலகத்தில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. ஆணியைக்கூடப் பஞ்சில் சுற்றிக் கொடுத்துவிடுவாள்; வாங்குகிறவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான். ஆன்லைனில் மருந்து விற்கும் அந்தக் கம்பெனியிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகிற கடிதமெல்லாம் அவள் எழுதுவதுதான். மாத்திரை மாறிப்போனாலும், விலை ஏறினாலும், மேலாளர் முதலில் தேடுவது அவளைத்தான்.

கடிதம் பதமாகிவிட்டதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. டீ கொண்டுவரும் அம்மாவை நிறுத்தி வாசித்துக் காட்டுவாள். அந்த அம்மா "ஐயையோ" என்றால் திருத்துவாள். "சரி, அதுக்கென்ன இப்போ?" என்றால் அனுப்பிவிடுவாள்.

அன்று காலை மேலாளரின் அறைக்குள் நுழைந்தபோது, கணினிகளைக் காவல் காக்கும் தாடிக்காரன் பேயறைந்தவன் மாதிரி நின்றிருந்தான்.

"எல்லாம் போச்சு. பேரு, போன் நம்பர், வீட்டு அட்ரஸ், என்ன மருந்து வாங்கினாங்கன்னுகூட. எவனோ திருடி மொத்தத்தையும் வெளியில போட்டுட்டான். பேரை அடிச்சா வீடு வருது. யார் வேணா பாக்கலாம்."

"செய்தியிலயும் வந்துடுச்சு," என்றார் மேலாளர். "உடனே லெட்டர் போகணும் பஞ்சு. 'சில விவரங்கள்'னு போடு. அட்ரஸ்ங்கிற பேச்சே வேண்டாம்."

"அதைச் சொல்லாம எப்படி சார்?" என்றான் தாடிக்காரன். "ஒளிஞ்சு வாழறவங்க இருப்பாங்க. சொன்னாத்தானே வேற இடத்துக்குப் போவாங்க?"

"சொன்னா, நம்மளை விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போவாங்க."

பஞ்சு சட்டென்று போனைக் கையில் எடுத்தாள். அவளுடைய தங்கை ஒளிந்துதான் வாழ்கிறாள். புருஷன் அடித்த அடி தாங்காமல் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவளை, நகரத்தின் மறுகோடியில் ஒரு மாடி அறையில் குடிவைத்தது பஞ்சுதான். "எங்க ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிப்பேன்" என்று அவன் பஞ்சுவின் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தான். ஆனால் எந்தக் கம்பெனியிலும், தன் கம்பெனியில்கூட, பெயரைக் கொடுக்காதே என்று தங்கையிடம் அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் போனைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்? வந்தது அடுத்த வீட்டுக்குத்தான் என்று முடிவானதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

முதல் முறை, கொஞ்சம் மனம் கேட்காமல், முகவரி என்ற சொல்லை ஓர் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயையோ, என் வீட்டு அட்ரஸுமாம்மா?" என்று டீ அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தச் சொல்லை எடுத்தாள். "சில விவரங்கள் வெளியாகியிருக்கக்கூடும். உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

"சரி, அதுக்கென்ன இப்போ?" என்றாள் டீ அம்மா.

கடிதம் போனது. புகார் சொல்லி ஒரு ஈ காக்கைகூட அழைக்கவில்லை. "கில்லாடிம்மா நீ," என்று மேலாளர் சிரித்தார். தாடிக்காரன் மட்டும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இவர் பெரிய யோக்கியர் என்று மனதுக்குள் வைதுகொண்டு அவள் சாப்பிடப் போனாள்.

மாலையில் தங்கை குடியிருந்த வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள்.

தங்கையின் முகத்தில் ஒரு கண்தான் திறந்திருந்தது. வலது கையில் கட்டு. குழந்தையைப் புருஷன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

"எப்படிடி கண்டுபிடிச்சான்?"

"பாப்பாவுக்கு மூச்சு இழுப்புக்கா. கடைக்குப் போகப் பயந்து உங்க கம்பெனியிலதான் மருந்து வாங்குவேன். என் பேரைத்தானே போடக் கூடாதுன்ன? பாப்பா பேரைப் போட்டேன்."

பெற்ற தகப்பனுக்கு அந்தப் பெயர் தெரியாதா? அதைத்தான் அவன் முதலில் தேடியிருக்கிறான்.

"காலையில நியூஸ் பார்த்ததும் பையைக் கட்டிட்டேன். உன்னைக் கேக்கலாம்னா, வாங்கினது தெரிஞ்சா திட்டுவியேன்னு பயம். ஆட்டோ வந்து கீழ நின்னுச்சு. அப்போதான் லெட்டர் வந்துச்சு. படிக்கும்போதே நீ எழுதினதுன்னு தெரிஞ்சுடுச்சு. அக்காவே சொல்லிட்டா, அப்புறம் என்னன்னு ஆட்டோவை அனுப்பிட்டேன்."

பஞ்சுவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

"அக்கா," என்றாள் தங்கை. "அட்ரஸும் போனது உனக்குத் தெரியுமா?"

அவளுக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

"சத்தியமா தெரியாதுடி. எங்ககிட்ட அதை யாருமே சொல்லலை."

தங்கையின் முகம் தளர்ந்தது. கட்டுப் போடாத கையால் துழாவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்கா. தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாம இருப்பியா? பாப்பாவை மட்டும் எப்படியாவது தேடிக் குடுத்துடுக்கா. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"