ராகேல் பூட்டிய காதுப்பெட்டி

ராஜையன் மயிலாடியில் கல் கொத்துகிறவர். நாற்பது வருஷம் உளிச் சத்தத்துக்குள்ளேயே கிடந்ததில் இரண்டு காதும் போய்விட்டது. மகள் ராகேல் சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். அவர் வாயால் பதில் சொல்வார். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறதென்று அவருக்கே தெரியாது. ரகசியம் என்று குனிந்து அவர் பேசினால் நாலாவது வீட்டில் மீன் கழுவுகிறவள் திரும்பிப் பார்ப்பாள். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மக்களே.

அவர் கடைசியாக ராகேலின் குரலைக் கேட்டபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இப்போது இருபத்தைந்து. தகப்பன் மனசில் தான் இன்னும் அந்தக் கீச்சுக்குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்கு ஒரு குறை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தம்பி சுந்தர்சிங் பம்பாயிலிருந்து தபாலில் ஒரு பார்சல் வரவழைத்தான். உள்ளே ரேடியோவில் போடுகிற கண்ணாடி வால்வு இரண்டு, அவற்றின் கால்களைச் செருகும் குழிகள், வயர், மைக், காதில் மாட்டும் ஹெட்போன், ஒரு இங்கிலீஷ் தாள்.

"அக்கா, இதப் பூட்டி முடிச்சா அப்பாக்கு காது கேக்கும் பாத்துக்க" என்றான்.

"நீ பூட்டுவியா?"

"பின்ன? பத்தாம் கிளாஸ் சும்மாவா படிச்சேன்?"

இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டிவிட்டு, பாட்டரியைக் கொடுக்கப் போனான். மிஷன் கம்பெனிக்கு லேஸ் பின்னுகிறவள் ராகேல். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"நில்லுலே. தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"குழிய அடியிலேருந்து பாத்த படம்னு போட்டிருக்கு."

"நீ காலை மேலயிருந்துல்லா எண்ணியிருக்க. வலம் இடமாப் போச்சே."

லேஸ் பின்னுகிறவளுக்கு இது பிறவிப் புத்தி மாதிரி. லேஸின் நல்ல முகம் எப்போதும் தலையணைப் பக்கம் கவிழ்ந்திருக்கும். கண் பார்ப்பதெல்லாம் முதுகுப் பக்கம். முதுகைப் பார்த்தே முகத்தைப் பின்ன வேண்டும். அன்றைக்கு அவன் பாட்டரி கொடுத்திருந்தால் வால்வு கருகியிருக்கும்.

ஒட்டியதையெல்லாம் அவள் பிரித்தாள். அப்பா உளி காய்ச்சும் உலையிலேயே ஈயம் ஒட்டும் இரும்பைக் காய்ச்சி, ஒவ்வொரு காலாக எண்ணி மறுபடி ஒட்டினாள்.

"என்னட்டி, நீயும் கல்லு கொத்தப் போறியா?" என்று ராஜையன் சிரித்தார்.

அவள் சிலேட்டில் எழுதினாள்: 'உங்களுக்குக் காது செய்கிறேன்.' அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு துருத்தியைத் தானே பிடித்து ஊதினார்.

எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்க மூன்று வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளே ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள். முற்றத்தில் கோழி கிளறுவது கோடித்துணி கிழிகிறதுபோல் கேட்டது. அப்பொழுதே அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நான்கு நாளாக ஜலதோஷம். தொண்டை கரகரத்துக் கிடந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்கிற குரல் நன்றாக இருக்கட்டும், நாளைக்கு ஆராதனை முடிந்து வந்து பேசுவோம் என்று சுக்கு தட்டிப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தாள். பாவம், அந்த ஒரு சின்ன ஆசை.

மறுநாள் கோயிலில் தொண்டைக்குப் பயந்து பாட்டுக்கூட அவள் பாடவில்லை. திரும்பித் தெருமுனைக்கு வரும்போதே அப்பாவின் ரகசியம் கேட்டது.

"அவ வாறதுக்குள்ள கொண்டு போயிருலே. வடசேரி கடைக்காரன்ட்ட நீதான் செஞ்சேன்னு சொல்லு. பொட்டப்பிள்ள செஞ்சதுன்னா சிரிப்பான். எனக்கு இனி காது என்னத்துக்கு? ஒனக்கொரு வேல கெடைக்கட்டு. அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ராகேலைப் பார்த்தார்கள். சுந்தர்சிங் வெளியே வந்தான். கையில் பெட்டி. அவள் லேஸ் மூடிவைக்கும் வெள்ளைத் துணியைத்தான் சுற்றியிருந்தான்.

"ரெண்டே நாளு, அக்கா. காட்டிட்டுக் கொண்டாந்துருவேன்."

அவனைப் பிடித்து நிறுத்த அவளுக்குக் கை இருந்தது. தம்பி எடுத்துப் போனால் பிடுங்கலாம். அப்பா எடுத்துக் கொடுத்ததை எப்படிப் பிடுங்குவது? அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

வடசேரி ரேடியோ கடை சுயம்புலிங்கம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கைவேல சுத்தம்டே" என்று சொல்லி அவனை வேலைக்கு வைத்துக்கொண்டாராம். பெட்டி கடைக் கண்ணாடிக்குள் போயிற்று. அதன்பிறகு ராகேலின் சிலேட்டில் 'சோறு', 'தண்ணி' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஏறவில்லை.

மூன்று மாதம் கழிந்து ஒரு நண்பகலில் சுந்தர்சிங் அதே துணியில் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"ஒரு குழியை மாத்தினேன் அக்கா. வால்வு கருகிப்போச்சு. புது வால்வு கொண்டாந்திருக்கேன். மொதலாளி சாயங்காலத்துக்குள்ள கேக்காரு."

கவிழ்த்துப் பார்த்தாள். மறுபடியும் மேலிருந்து எண்ணியிருந்தான். உலையை மூட்டி அந்தக் குழியின் ஐந்து கால்களையும் மாற்றி ஒட்டினாள். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ஹெட்போனை அப்பாவின் தலையில் மாட்டினாள்.

ராஜையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"பேசு மக்ளே. ஒன் சத்தத்தக் கேக்கட்டு."

மைக் அவள் முன்னால் இருந்தது. தொண்டையும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் லேஸ் தலையணையை மடிக்கு இழுத்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். மைக்கின் முன்னால் நூல்கட்டையோடு நூல்கட்டை உரசியது.

"மழை பெய்யுதா, ஏட்டி?" என்று ராஜையன் முற்றத்தைப் பார்த்தார். வெயில் எரித்துக்கொண்டிருந்தது.

சுந்தர்சிங் சிரித்தான். ராகேல் எழுந்து ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றிப் பெட்டியோடு அவன் கையில் கொடுத்தாள்.

"கேக்குது. கொண்டு போ."

அவன் போன பிறகு ராஜையன் மகள் பக்கம் குனிந்து, ரகசியமாக, தெருவே கேட்கக் கேட்டார்:

"ஏட்டி, ஏன் பேசல்ல?"

அவள் சிலேட்டைத் துடைத்து எழுதிக் காட்டினாள்.

'தொண்டை சரியில்லை.'